ரேடார் லெவல் சென்சார் தப்பா காட்டுதா? கழட்டறதுக்கு முன்னாடி இத பாத்துருங்க

சேலம் சுத்துவட்டாரத்துல சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி, பால் ப்ளான்ட், சின்ன கெமிக்கல் யூனிட்னு நிறைய இடத்துல இப்ப டேங்க் மேல ரேடார் லெவல் சென்சார் வந்திருச்சு, முன்னாடி மிதவையோ அல்ட்ராசோனிக்கோ இருந்த இடத்துல இது உக்காந்திருக்கு. மாட்டின புதுசுல எல்லாருக்கும் சந்தோஷம் தான், அப்புறம் ஒரு நாள் டிஸ்பிளேல ஒண்ணு காட்டும் டேங்க்ல ஒண்ணு இருக்கும், உடனே "சென்சார் போச்சுங்கண்ணா, வேற வாங்கணும்"னு முடிவே பண்ணிடுவாங்க. வேற வாங்கி அதே இடத்துல மாட்டினா அதே தப்பு திரும்ப வரும், காசு போனது தான் மிச்சம். ஐடிஐ முடிச்சு இந்த வேலைக்கு புதுசா வந்த தம்பிங்களுக்கும், ஃபேக்டரிய சொந்தமா பாத்துக்கறவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றேன். ரீடிங் தப்பா வர்றதுக்கு ஒரு தினுசு இருக்கு, எப்பவும் ஒரே அளவு குறையுதா, மேல போகப் போக ஜாஸ்தியாகுதா, ஒரே இடத்துல நிக்குதா, துள்ளுதா, இத கவனிச்சாலே காரணத்துல பாதி கைக்கு வந்துரும்.

முதல்ல இது எப்படி அளக்குதுன்னு பாத்துக்கலாம். சென்சார் மேல இருந்து மைக்ரோவேவ் அலைய கீழ விடுது, அது திரவத்து மேல பட்டு திரும்ப வருது, திரும்பி வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்து தூரத்த கணக்கு போடுது. ஒளியோட வேகத்துல போற அலைங்கறதால, ஒரு மீட்டர் தள்ளி இருக்க தண்ணிய தொட்டுட்டு திரும்ப சுமார் 6.7 நானோசெகண்ட் தான் ஆகும். இவ்ளோ சின்ன நேரத்த நேரடியா அளக்கறது கஷ்டம்னு இப்ப வர்ற 80 ஜிகாஹெர்ட்ஸ் சென்சார்கள்ல அலையோட ஃப்ரீக்வென்சிய ஏத்திக்கிட்டே அனுப்பி, போனதுக்கும் வந்ததுக்கும் உள்ள வித்தியாசத்துல இருந்து தூரத்த எடுக்கறாங்க. எப்படி எடுத்தாலும் சென்சாருக்கு தெரிஞ்சது தூரம் மட்டும் தான். டேங்க் காலியா இருந்தா எவ்ளோ தூரம்னு நாம ஒரு நம்பர் குடுத்திருப்போம், அந்த நம்பர்ல இருந்து இப்ப அளந்த தூரத்த கழிச்சு லெவல்னு காட்டும். எதுல பட்டு எக்கோ திரும்பி வந்துச்சு, தண்ணியா ஏணியா குளவிக்கூடான்னு அதுக்கு தெரியாது, இத மனசுல வச்சுக்கிட்டா பின்னாடி சொல்றது எல்லாம் சுலபமா புரியும்.

சரி, தப்பா காட்டுதுன்னு ஒருத்தர் சொல்றார்னா அவர் எத வச்சு சொல்றார்னு முதல்ல கேளுங்க. டிப் டேப், அதாவது நுனில குண்டு கட்டின அளவு டேப், விட்டு பாத்தேன்னு சொல்லுவாங்க. சேகோ ஃபேக்டரில ஸ்டார்ச் பால் டேங்க்ல அடில மாவு கெட்டியா படிஞ்சு கிடக்கும், டேப்போட குண்டு டேங்க் தரைய தொடாது, மாவு மேலேயே நின்னுரும், அப்ப டேப் காட்டற உயரம் கம்மியா வரும், சென்சார் தான் சரி, டேப் தான் தப்பு. அதனால நான் எப்பவும் சொல்றது, கீழ இருந்து அளக்காதீங்க, சென்சார் உக்காந்திருக்க ஃப்ளேன்ஜ் (போல்ட் போட்டு மாட்டற வட்டத் தட்டு) முகத்துல இருந்து திரவத்தோட மேல்பரப்பு வரைக்கும் காலி இடத்த அளங்க. சென்சாரும் அந்த தூரத்த தான் அளக்குது, சென்சார் மெனுல தூரம்னு ஒரு ரீடிங் தனியா இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க. இந்த ரெண்டும் ஒத்து வந்துட்டா சென்சார் அளக்கறதுல தப்பே இல்ல, தப்பு செட்டிங்லயோ வயர்லயோ பேனல்லயோ இருக்கு, டேங்க்குக்குள்ள தேடவே வேண்டாம். ஒத்து வரலைனா தான் டேங்க்குக்குள்ள தேடணும்.

தூரம் சரி, லெவல் மட்டும் எப்பவும் ஒரே அளவு குறையுதுன்னா காலி தூரத்த தப்பா போட்டிருக்காங்க. டேங்க் உயரம் 5 மீட்டர்னு ட்ராயிங்ல பாத்துட்டு 5.00னு போட்டிருப்பாங்க, ஆனா சென்சார் 25 சென்டிமீட்டர் நாசில் (டேங்க் மூடில நிக்கற குட்டை பைப்) மேல உக்காந்திருக்கும், அப்ப காலி தூரம் 5.25 இருக்கணும். உள்ள 2 மீட்டர் தண்ணி இருந்தா சென்சார்ல இருந்து தூரம் 3.25, 5.00ல இருந்து கழிச்சா 1.75 தான் வரும். தண்ணி 3 மீட்டருக்கு ஏறினா 2.75, எப்ப பாத்தாலும் அதே 25 சென்டிமீட்டர் குறையும். நம்பர மாத்தினா வேலை முடிஞ்சுது.

தூரம் சரி, கீழ சரியா காட்டுது, மேல போகப் போக வித்தியாசம் பெருசாகுதுன்னா சென்சாருக்கும் பேனலுக்கும் ஸ்பேன், அதாவது 0ல இருந்து 100 சதவீதம் வரைக்கும் எத்தன மீட்டர்ங்கற அளவு, ஒத்துப் போகல. சென்சார் லெவல கரண்ட்டா மாத்தி பேனலுக்கு அனுப்பும், சென்சார்ல 4 முதல் 20 மில்லிஆம்ப் வரைக்கும் 0 முதல் 5 மீட்டர்னு இருக்கும், பேனல் இண்டிகேட்டர்லயோ பிஎல்சிலயோ (ஃபேக்டரிய ஓட்டற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) 0 முதல் 4.5 மீட்டர்னு யாராவது போட்டிருப்பாங்க. சென்சார் தலைல 2.50 காட்டும், பேனல்ல 2.25 காட்டும். மல்டிமீட்டர லூப்ல, அதாவது அந்த கரண்ட் சுத்தி வர்ற வயர்ல, சீரீஸ்ல போட்டு கரண்ட்ட பாருங்க, வர்ற மில்லிஆம்ப்ல 4 கழிச்சு 16ஆல வகுத்து 100ஆல பெருக்கினா சதவீதம் வந்துரும், 13.6 மில்லிஆம்ப் வந்தா 60 சதவீதம். அந்த சதவீதம் சென்சார் தலையோட ஒத்துப் போனா தப்பு பேனல் பக்கம் தான்.

டேங்க் பாதி வரைக்கும் நல்லா ஓடுது, நிறையற நேரத்துல மட்டும் சென்சார் அணைஞ்சு அணைஞ்சு வருதுன்னா வோல்டேஜ் பத்தல. லெவல் ஏற ஏற கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினா வழில இருக்க ரெசிஸ்டன்ஸ்ல வோல்டேஜ் விழறதும் ஏறும், 250 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு லூப்ல இருந்தா 20 மில்லிஆம்ப்ல அது மட்டுமே 5 வோல்ட்ட சாப்பிட்டுரும், அதுக்கு மேல நீளமான வயரு, பழைய பவர் சப்ளைனு சேர்ந்தா சென்சாருக்கு மிச்சம் கிடைக்கறது அதோட தேவைக்கு கீழ போயிரும். நிறைஞ்ச டேங்க்ல சென்சார் டெர்மினல்லயே மீட்டர் வச்சு பாருங்க, பவர் சப்ளை கிட்ட பாத்து 24 இருக்குன்னு திருப்தி ஆயிடாதீங்க.

லிட்டர் கணக்கு பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இங்க தான் மனுசங்க மேல பழி விழுது. டீசலும் ஃபர்னஸ் ஆயிலும் பெரும்பாலும் படுக்க வச்ச உருளை டேங்க்ல இருக்கும். சென்சார் உயரத்த சரியா அளக்கும், ஆனா அத லிட்டரா மாத்தற அட்டவணைய யாரும் போடாம விட்டுட்டா உயரம் பாதின்னா லிட்டரும் பாதி, உயரம் கால்வாசின்னா லிட்டரும் கால்வாசின்னு கணக்கு போடும். பாதில அது சரி. கால்வாசி உயரத்துல அந்த டேங்க்ல நிஜமா இருக்கறது 19.6 சதவீதம் தான். 10,000 லிட்டர் டேங்க்னா டிஸ்பிளேல 2,500 காட்டும், உள்ள சுமார் 1,960 தான் இருக்கும். இப்ப ஒரு லாரி வந்து கால்வாசில இருந்து பாதி வரைக்கும் ஊத்தறான்னு வைங்க, நிஜமா 3,040 லிட்டர் எறங்கியிருக்கும், டிஸ்பிளே 2,500 தான் ஏறுச்சுன்னு சொல்லும். "540 லிட்டர் எங்கடா"ன்னு லாரி டிரைவர் சட்டைய பிடிப்பாங்க. நான் பாத்த ஒரு இடத்துல ஸ்டோர்ல இருந்த பெரியவர் மேல இந்த சந்தேகம் விழுந்து அவர் முகம் சுருங்கிப் போய் நின்னார், "நாஞ் சொட்டு கூட எடுக்கலைங்க தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க"ன்னார். லாரி மீட்டர் பில்லையும் டேங்க் அளவையும் பேப்பர்ல போட்டு முதலாளிகிட்ட காட்டினப்ப தான் அந்த பேச்சு அடங்குச்சு.

இது புரியலைன்னா மேட்டூர் அணைய எடுத்துக்கோங்க, நம்ம ஊர்ல தினமும் பேப்பர்ல பாக்கற நம்பர் தானே. மொத்தம் 120 அடி, 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 100 அடின்னா நேர்கணக்குல 78 டிஎம்சி வரணும், ஆனா அணைல இருக்கறது சுமார் 65 டிஎம்சி தான், ஏன்னா அணை மேல போகப் போக அகலம். உயரமும் கொள்ளளவும் ஒரே விகிதத்துல போறது நேரா நிக்கற டேங்க்ல மட்டும் தான். படுத்த டேங்க், கூம்பு அடி டேங்க் எதுவா இருந்தாலும் சென்சார்லயோ பிஎல்சிலயோ அட்டவணை போட்டே ஆகணும்.

இனி டேங்க்குக்குள்ள போவோம், தூரமே தப்பா வருதுன்னா. இங்க நமக்கு கிடைக்கற பெரிய உதவி எக்கோ கர்வ். இப்ப வர்ற சென்சார்கள் நிறைய ப்ளூடூத்ல ஃபோனோட பேசும், பழசா இருந்தா ஹார்ட் கம்யூனிகேட்டரோ (சென்சார் வயர்ல மாட்டி அதோட பேசற கைக்கருவி) லேப்டாப்போ வேணும். எக்கோ கர்வ்ங்கறது ஒரு கிராஃப், படுக்கைல தூரம், நிமிர்ந்து எக்கோவோட பலம். எங்கெல்லாம் அலை பட்டு திரும்புதோ அங்கெல்லாம் ஒரு மேடு தெரியும், அதுல எது திரவம்னு சென்சார் ஒண்ண தேர்ந்தெடுத்து குறி போட்டிருக்கும். நம்ம வேலை அந்த குறி சரியான மேட்டு மேல இருக்கான்னு பாக்கறது தான். இத பாக்காம டேம்பிங் (ரீடிங் துள்ளாம மெதுவா மாற வைக்கற செட்டிங்) கூட்டறது, ரீசெட் பண்றது, ஆன்டெனா மாத்தறதெல்லாம் கண்ண கட்டிக்கிட்டு தேடற வேலை.

ஒரு சேகோ ஃபேக்டரி கழிவுத்தண்ணி டேங்க்ல நடந்தத அப்படியே சொல்றேன். டேங்க் 4 மீட்டர், 3.6 மீட்டர் வந்தா 100 சதவீதம். ஆபரேட்டர் தம்பி சொன்னார், "அண்ணா, சாதாரணமா நல்லா தான் ஓடுது, கிழங்கு லோடு ஜாஸ்தி வந்து அரவை ஓடற அன்னிக்கு மட்டும் 75ல போய் நின்னுக்குது, தண்ணி இருக்குன்னு நம்பி மோட்டார் விட்டா பம்பு காஞ்சு ஓடுது". டேங்க் மேல போய் மூடிய தொறந்தா புளிச்ச வாடை, வெள்ளையா நுரை. ஃபோன்ல கர்வ் எடுத்தா 1.3 மீட்டர்ல கூர்மையா ஒரு மேடு, அங்க தான் குறி நிக்குது, 2.4 மீட்டர்ல பலவீனமா அகலமா இன்னொரு மேடு. டார்ச் அடிச்சு பாத்தா 1.3 மீட்டர்ல ஏணிய சுவரோட பிடிச்சிருக்க இரும்பு பிராக்கெட். தண்ணி நிஜமா இருந்தது 2.4ல, 4ல இருந்து கழிச்சா 1.6 மீட்டர் உயரம், அதாவது 44 சதவீதம். நுரை இல்லாத நாள்ல தண்ணியோட எக்கோ பிராக்கெட்ட விட பலமா இருக்கும், சென்சார் தண்ணிய எடுத்துக்கும். அடர்த்தியான ஈர நுரை அலைய உறிஞ்சிடும், தண்ணி எக்கோ அடங்கிப் போகும், நுரைக்கு மேல இருக்க பிராக்கெட் எக்கோ அப்படியே இருக்கும், சென்சார் அத லெவல்னு எடுத்துக்கிச்சு.

இந்த மாதிரி ஒரே உயரத்துல நிக்கற கேஸ் எல்லாமே டேங்க்குக்குள்ள அசையாம இருக்க ஏதோ ஒரு பொருள தான் காட்டுது. ஏணி, வெல்டு மேடு, உள்ள வர்ற பைப், ஹீட்டிங் காயில். இதுக்கு மேப்பிங்னு ஒரு வசதி இருக்கு, இந்த எக்கோ எல்லாம் எப்பவும் இருக்கறது, கண்டுக்காதன்னு சென்சாருக்கு சொல்லிக் குடுக்கறது. டேங்க் காலியா இருக்கறப்ப பண்ணனும், முடியலைனா லெவல் நல்லா கீழ இருக்கறப்ப, திரவத்துக்கு அரை மீட்டர் மேல வரைக்கும் மட்டும் பண்ணனும். அஜிடேட்டர் (உள்ள சுத்தி கலக்கற விசிறி) இருக்க டேங்க்னா அத ஓட விட்டுட்டு பண்ணுங்க, பிளேடு எல்லா கோணத்துலயும் பதிவாகட்டும். அவசரத்துல டேங்க் பாதி நிறைஞ்சிருக்கப்ப முழு தூரத்துக்கும் மேப்பிங் போட்டுட்டா திரவத்தோட எக்கோவையே வேண்டாதது லிஸ்ட்ல சேத்துடும், அப்புறம் ஒவ்வொரு தடவையும் லெவல் அந்த உயரத்துக்கு வர்றப்ப ரீடிங் காணாம போகும். புதுசா ஒரு ஏணியோ பைப்போ உள்ள வச்சா திரும்ப மேப்பிங் பண்ணனும்.

ஆனா மேப்பிங்க மருந்து மாதிரி எல்லாத்துக்கும் போடாதீங்க, சென்சார் உக்காந்திருக்க இடமே தப்புன்னா இடத்த மாத்தறது தான் சரி. ஆன்டெனால இருந்து அலை டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி விரிஞ்சு போகும். பழைய 26 ஜிகாஹெர்ட்ஸ் சின்ன ஹார்ன் (கூம்பு மாதிரி இருக்கற) ஆன்டெனால விரிவு 20 டிகிரி கிட்ட இருக்கும், 10 மீட்டர் கீழ போறப்ப அந்த வட்டம் மூணரை மீட்டர் அகலம், அந்த வட்டத்துக்குள்ள ஏணி வராம எப்படி இருக்கும். 80 ஜிகாஹெர்ட்ஸ்ல 4 டிகிரிக்கு வர்ற மாதிரி ஆன்டெனா கிடைக்குது, அதே 10 மீட்டர்ல வட்டம் 70 சென்டிமீட்டர் தான். சுவர ஒட்டி வைக்காதீங்க, டேங்க் விட்டத்துல ஆறுல ஒரு பங்கு தள்ளி வைக்கறது நல்ல பழக்கம். மேல் மூடி குவிஞ்ச டேங்க்ல நட்ட நடுவுலயும் வேண்டாம், தண்ணில பட்டு மூடில பட்டு திரும்ப தண்ணில பட்டு வர்ற ரெண்டாவது எக்கோ அங்க பலமா இருக்கும், அது ரெண்டு மடங்கு தூரத்துல தெரியும், சென்சார் அத எடுத்துக்கிட்டா டேங்க் திடீர்னு காலியான மாதிரி காட்டும். தண்ணி உள்ள கொட்டற வாய்க்கு நேரா மேலயும் கூடாது, அது கொட்டற தண்ணியவே அளந்துக்கிட்டு துள்ளும்.

நுரை விஷயத்துக்கு வர்றேன். மேல சொன்ன டேங்க்ல மேப்பிங் போட்டதும் 75ல போய் நின்னுக்கற பிரச்சனை போச்சு, ஆனா நுரை ரொம்ப அடர்த்தியா வர்ற நாள்ல எக்கோவே வராம எர்ரர் காட்டும், அது மேப்பிங்கால தீராது. டேங்க்குக்குள்ள செங்குத்தா ஒரு பைப் விட்டு அதுக்குள்ள அளக்கலாம், நுரை பைப்புக்குள்ள கம்மியா தான் வரும், ஆனா சென்சார்ல பைப்போட உள் விட்டத்த சரியா போடணும், பைப்புக்குள்ள அலையோட வேகம் விட்டத்த பொறுத்து மாறும், தப்பா போட்டா தூரம் அதிகமாக அதிகமாக தப்பும் வளரும். திப்பி (கிழங்குச் சக்கை) கலந்த தண்ணில அந்த பைப்பும் சீக்கிரம் அடைச்சுக்கும். என் கருத்து என்னன்னா, தினமும் அடர்த்தியா நுரை பொங்கற கழிவுத்தண்ணி டேங்க்குக்கு ரேடார் சரியான கருவி இல்ல, அடில பிரஷர் வச்சு அளக்கற ட்ரான்ஸ்மிட்டர், அதுலயும் முகம் தட்டையா இருக்கறது, மாட்டிட்டா நுரைய பத்தி கவலையே வேண்டாம்.

எப்பவும் 100 சதவீதத்துக்கு பக்கத்துல நிக்குதுன்னா ஆன்டெனாவ பாருங்க. ஸ்டார்ச் பால் தெறிச்சு ஆன்டெனால அப்பி இருக்கும். காஞ்ச மாவு அவ்ளோ தொந்தரவு பண்ணாது, ஈரமா அப்பினது தான் அலைய அங்கயே திருப்பி விடும். அதனால தான் காலைல தப்பு மதியம் சரின்னு சில டேங்க் ஆடும். ஏற்காட்டு மேல 1,500 மீட்டர் உயரத்துல காபி எஸ்டேட் டேங்க்குல வச்சிருக்கவங்க பனிமூட்டத்த பத்தி கேப்பாங்க, காத்துல இருக்க மூட்டம் ரேடார பெருசா பாதிக்காது, ஆன்டெனா முகத்துல சேந்து நிக்கற தண்ணித் துளிங்க தான் பாதிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்ல ஓட்டை போடாம மூடி வழியாவே அளக்கலாம்னு விப்பாங்க, அது உண்மை தான், ஆனா மழைத்தண்ணி மூடி மேல தேங்கினா போச்சு, மூடிக்கு உள்பக்கம் வேர்த்து துளி நின்னாலும் போச்சு. பிளாஸ்டிக் சுவர் அலைய தடுக்காதுங்கறதால டேங்க்குக்கு வெளில இருக்க இரும்பு பைப் கூட எக்கோவா தெரியும். தொறந்த டேங்க்ல ஹார்ன் ஆன்டெனா வச்சிருந்தா குளவி உள்ள மண்ணுல கூடு கட்டும், கையால தொடறதுக்கு முன்னாடி எட்டிப் பாத்துக்கோங்க.

டீசல் மாதிரி எண்ணெய்க்கு இன்னொரு சிக்கல். தண்ணி அலைய நல்லா திருப்பி விடும், டீசல் சுமார் 3 சதவீதம் தான் திருப்பும், மிச்சம் உள்ள புகுந்து டேங்க் தரைய தொட்டு வரும். லெவல் கம்மியா இருக்கப்ப தரை எக்கோ பெருசா தெரியும். எண்ணெய்க்குள்ள அலை மெதுவா போறதால அந்த தரை எக்கோ நிஜ தரைய விட கீழ இருக்க மாதிரி வரும், ஒரு மீட்டர் டீசல் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் மாதிரி தெரியும். கர்வ்ல டேங்க் உயரத்த தாண்டி ஒரு மேடு நின்னா அதுக்கு காரணம் இது தான், செட்டிங்ல மீடியம் எண்ணெய்னு மாத்தி விட்டா சென்சார் முதல் எக்கோவ எடுத்துக்கும்.

ரீடிங் துள்ளுதுன்னா டேம்பிங் கூட்டறதுக்கு முன்னாடி ஏன் துள்ளுதுன்னு பாருங்க. அஜிடேட்டர் அலையால துள்ளினா கொஞ்சம் கூட்டலாம். 60 செகண்ட் போட்டா லெவல் திடீர்னு மாறி ஒரு நிமிஷம் ஆன பிறகும் மாற்றத்துல 63 சதவீதம் தான் டிஸ்பிளேக்கு வந்திருக்கும், சின்ன டேங்க்ல வேகமா பம்ப் பண்றவங்க இத போட்டா வழிஞ்ச பிறகு தான் தெரியும்.

இவ்ளோவும் பாத்தாச்சு, இன்னும் சென்சார் மேல தான் சந்தேகம்னா கழட்டி கீழ கொண்டு வாங்க. பெஞ்சுல படுக்க வச்சு 3 மீட்டர் தள்ளி ஒரு தகர ஷீட்ட நேரா நிறுத்துங்க, நடுவுல வேற இரும்பு எதுவும் வேண்டாம், டேப் வச்சு ஆன்டெனா பக்க ஃப்ளேன்ஜ் முகத்துல இருந்து அளங்க. மேப்பிங்க அழிச்சுட்டு தூரத்த பாருங்க, ஷீட்ட 2 மீட்டருக்கு நகத்தி திரும்ப பாருங்க. ரெண்டு இடத்துலயும் டேப்போட ஒத்து வந்தா சென்சார் நல்லா இருக்கு, திரும்ப மாட்டி மேப்பிங் புதுசா போட்டு கர்வ்வ ஒரு ஃபோட்டோ எடுத்து பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி விடுங்க, கூடவே காலி தூரமும் ஸ்பேனும் எழுதி. ஒத்து வரலைன்னா அப்ப வாங்கலாம் புது சென்சார்.